ரிங் ரஸ்ட்: பாக்ஸருக்குத் துருப்பிடிக்குமா?

'சார்பட்டா பரம்பரை' பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். குடியில உடம்பைக் கெடுத்துக்கிட்ட கபிலன், மறுபடி பயிற்சி எடுத்து ரிங்குக்குள்ள வந்து வேம்புலியை அடிச்சுடுவான். சினிமாவுக்கு அது போதும். நிஜத்துல ரெண்டு மூணு வருஷம் சண்டை போடாத ஒருத்தர் திரும்பி வந்தா என்ன ஆகும்? பாக்ஸிங்ல இதுக்கு 'ரிங் ரஸ்ட்'னு பேர். இந்தத் துரு உண்மையிலேயே பிடிக்குதா, இல்ல தோத்தவங்க சொல்ற சாக்கா?

எது துருப்பிடிக்குது?

முதல்ல போறது மூச்சு. பயிற்சியை நிறுத்தின சில வாரத்துலயே உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்துற திறன் குறைய ஆரம்பிச்சிடும். தசை பலம் அதைவிட மெதுவாத்தான் குறையும். இது ரெண்டையும் சில மாசம் ஒழுங்கா உழைச்சா பெரும்பாலும் மீட்டுடலாம். உண்மையான சிக்கல் டைமிங்.

கண்ணால ஒண்ணைப் பார்த்து உடம்பு அசையறதுக்கு சுமார் 0.2 விநாடி ஆகும். வேகமான ஜாப் முகத்துக்கு வந்து சேரவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். அதனால குத்து கிளம்பின பிறகு விலகலாம்னு நினைச்சா லேட். நல்ல பாக்ஸர் எதிராளியோட தோள், இடுப்பு, கால் அசைவை வெச்சு முன்கூட்டியே கணிக்கிறார். இந்தக் கணிப்பைத் தீட்டி வைக்கிறது சண்டைதான். ஸ்பாரிங்ல கிளவுஸ் பெருசு, தலைக்கவசம் உண்டு, பார்ட்னரும் உங்களைச் சாய்க்கணும்னு வர்றதில்ல.

ஒரே ஆள், மூணு கம்பேக்

வேற வேற பாக்ஸர்களை ஒப்பிட்டா வயசு, ஸ்டைல்னு எல்லாமே மாறும். அதனால ஒரே ஆளை எடுத்துக்குவோம்: அமெரிக்காவோட ஷுகர் ரே லெனர்ட். 1982-ல விழித்திரைப் பிரச்சினையால ஆபரேஷன் செஞ்சு ஓய்வு அறிவிச்சவர்.

1984 மே: ரெண்டு வருஷத்துக்கு மேல இடைவெளி. எதிராளி கெவின் ஹோவர்ட், பெரிய பேர் இல்லாதவர். 4-வது ரவுண்டுல லெனர்ட் கீழே விழுந்தார். புரொஃபஷனல் சண்டைகள்ல அவர் விழுந்தது அதுதான் முதல் தடவை. 9-வது ரவுண்டுல ஜெயிச்சாலும், அன்னைக்கே மறுபடி ஓய்வு.

1987 ஏப்ரல்: ஏறக்குறைய மூணு வருஷ இடைவெளி. எதிராளி மிடில்வெயிட் சாம்பியன் மார்வின் ஹேக்லர். 12 ரவுண்டு, ஸ்ப்ளிட் டிசிஷன்ல லெனர்ட் வெற்றி.

1997 மார்ச்: ஆறு வருஷ இடைவெளி, வயசு 40. ஹெக்டர் கமாச்சோ 5-வது ரவுண்டுலயே முடிச்சுட்டார்.

கவனிங்க: 1984-ஐ விட 1987-ல இடைவெளி அதிகம், ஆனா ஆட்டம் மேல். காலம் மட்டும் காரணம்னா இப்படி நடந்திருக்கக் கூடாது. ஹேக்லர் சண்டைக்கு முன்னாடி, மூடின கதவுக்குள்ள தலைக்கவசம் இல்லாம நிஜச் சண்டை மாதிரியே சில சண்டைகள் போட்டதா லெனர்டே பின்னாடி சொன்னார். துருவை ரிங்குக்கு வெளியிலயே தேய்ச்சு எடுத்துட்டு வந்திருக்கார். ஹேக்லரும் ஒரு வருஷத்துக்கு மேல சண்டை போடாம இருந்தவர்தான். முதல் சில ரவுண்டுகளைக் கோட்டை விட்டார்.

துருவா, வயசா?

1997-ல நடந்ததைத் துருன்னு மட்டும் சொல்ல முடியாது. இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டுறவர் முகமது அலி. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால 25 வயசுல தடை. 1970 அக்டோபர்ல திரும்பினப்ப வயசு 28. முதல் சண்டையில ஜெர்ரி குவாரியை மூணே ரவுண்டுல ஜெயிச்சார். ஆனா 1971 மார்ச்ல ஜோ ஃப்ரேஸியர்கிட்ட 15 ரவுண்டுல தோல்வி. பின்னாடி 1974-ல ஃபோர்மேனை வீழ்த்தி பட்டத்தை மீட்டார். டைமிங் திரும்பிடுச்சு. பழைய கால் வேகம் முழுசா திரும்பல. அதனால முன்னாடி விலகித் தப்பிச்ச குத்துகளை இப்ப வாங்கித் தாங்க வேண்டி வந்துச்சு. அதுக்கான விலையை உடம்பு கொடுத்துச்சு.

ஆக, ரிங் ரஸ்ட் நிஜம். சரியான தயாரிப்பும் ஒண்ணு ரெண்டு சண்டையும் அதைப் போக்கிடும். திரும்பி வர்ற சாம்பியன்கள் முதல்ல சுமாரான எதிராளியைத் தேடறதைப் பயம்னு கிண்டல் பண்ணாதீங்க. டைமிங் வர்றதுக்கு முன்னாடி பெரிய ஆள்கிட்ட போனா, தப்புற ஒவ்வொரு கணிப்பும் தலையிலதான் விழும்.

அடுத்த கம்பேக் சண்டையில முதல் மூணு ரவுண்டைப் பாருங்க. ஜாப் ரெண்டு இஞ்ச் முன்னாடியே நின்னுடுதா? விலகுறது அரை நொடி லேட்டா? நேரம் போகப் போக சரியானா, அது துரு. மோசமாகிட்டே போனா, அது வயசு.