வெட்டியும் தொண்டும்: சிற்பக்கூடத்தின் சாவி யார் கையில்?



நினைவுக் கூட்டங்களில் மறைந்தவரின் எழுத்தையும் போராட்டத்தையும் பேசுவது நம் வழக்கம். இன்று நினைவு எந்த இடத்தில் வைக்கப்படுகிறது, அதற்கு யார் காவல், அதை யார் விளக்கிச் சொல்கிறார்கள் என்பதைப் பேசலாம். எடுத்துக்கொள்ளும் பொருள் சிறியது: நம் மாவட்டங்களில் உள்ள சின்னச் சின்னச் சிற்ப அருங்காட்சியகங்களும், அவற்றில் நம் மக்கள் தொண்டு செய்வதும்.

இதை அண்ணாகிராமத்திலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பண்ருட்டிப் பக்கம் கெடிலக் கரையில் திருவதிகை இருக்கிறது. அந்தக் கோயில் வளாகத்தில் ஒரு புத்தர் சிலையும் இருக்கிறது. கிழக்கே கடலூரில் திருப்பாதிரிப்புலியூர். சமண முனிவர் சர்வநந்தி கி.பி. 458இல் ‘லோக விபாகம்’ எழுதி முடித்த பாடலிபுரம் இதுதான் என்பார்கள். அப்பர் சைவத்துக்குத் திரும்பிய பின் பல்லவ மன்னன் பாடலிபுரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக்கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று பெரியபுராணமே சொல்கிறது. கல் இடம் மாறியது. அதன் பெயரும் மாறியது. இந்த மண்ணில் ஒரு சிலையைப் பார்த்து ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்பது வெறும் கலை ரசனையாக இருக்க முடியாது.

1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், 1907 முதல் தம் இதழில் இந்தக் கேள்வியைத்தான் தொடர்ந்து கேட்டார். மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ 1940இல் வந்தது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் 1934 வரை பல தடவைகளில் மண்ணிலிருந்து கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் 350க்கும் மேல். அவற்றில் பலவும் இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அருங்காட்சியகம் என்பதும் நம் வரலாற்றில் தனிப் பொருள் கொண்டது. சென்னை ராஜதானியில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். சென்னை அருங்காட்சியகம் 1851லேயே தொடங்கிவிட்டது. கோயில் வாசலில் சாதி கேட்டார்கள். அருங்காட்சியகத்தின் விதி சாதி கேட்கவில்லை. கருவறைக்குள் நாம் பார்க்கவே கூடாது என்று வைத்திருந்த உருவங்களுக்கு நேர் எதிரே நின்று பார்க்கும் உரிமையை, நந்தனுக்கு நெருப்பு விதித்த சமூகத்தில், ஓர் அரசுக் கட்டடம் கொடுத்தது. நுழையும் உரிமை கிடைத்தது. விளக்கும் உரிமை இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. நம் பேச்சு அதைப் பற்றித்தான்.

ஒரு சிலை எப்படி அருங்காட்சியகத்துக்கு வருகிறது? பெரும்பாலும் ஏரி தூர்வாரும்போது, கிணறு வெட்டும்போது, கடைக்கால் தோண்டும்போது. மண்வெட்டி யார் கையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் இல்லாத பொருள் என்று அறிவிக்கப்பட்டு, கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் இடையே வேறு உடன்பாடு இல்லையென்றால், நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, மீதிதான் நிலத்துக்காரருக்கு. அரசே எடுத்துக்கொண்டால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். நிலமற்ற கூலித் தொழிலாளியை நிலவுடைமையாளருக்கு மேலே வைக்கும் சட்டங்கள் மிகக் குறைவு. அதில் ஒன்று இது. நம் சேரிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சிலை வந்ததும் பதிவேட்டில் ஏறுகிறது. வரிசை எண், அளவு, கல்லின் வகை, காலம், கிடைத்த இடம். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஒரு மறைப்பு நடக்க இடமிருக்கிறது. கிராமத்தின் பெயரை மட்டும் எழுதினால் அது ஊரில் கிடைத்ததா, சேரியில் கிடைத்ததா, எந்த ஏரிக்கரை, யார் தோண்டியது என்பதெல்லாம் போய்விடும். பெயர்ப்பலகையில் ‘புத்தர், கருங்கல்’ என்று இரண்டு சொல் மிஞ்சும்.

அங்கேதான் உள்ளூர்த் தொண்டர்கள் தேவைப்படுகிறார்கள். ஆனால் ‘தொண்டு’ என்ற சொல்லை நாம் அப்படியே விழுங்கிவிட முடியாது. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்பது கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. பிணம் சுமப்பதும், சாவு சொல்லப் போவதும், பறை அடிப்பதும் ‘ஊர்க்கடமை’ என்ற பெயரில் நம் தலையில் கட்டப்பட்ட வெட்டிதான். தலைமுறை தலைமுறையாகச் சம்பளமில்லாமல் உழைத்த சமூகத்திடம் ‘தன்னார்வமாக வாருங்கள்’ என்றால், ‘மறுபடியுமா?’ என்ற கேள்வி எழுவது நியாயம்.

வெட்டிக்கும் தொண்டுக்கும் உள்ள வேறுபாடு கூலியில் மட்டும் இல்லை. மறுக்க முடியாத வேலை வெட்டி. மறுக்கும் உரிமையோடு செய்வது தொண்டு. முற்றத்தைக் கூட்டுவது நாம், விளக்கம் சொல்வது வேறொருவர் என்றால் அது வெட்டியின் புதுப்பெயர். பதிவேட்டைத் திறக்கவும், பலகையில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லவும் இடமிருந்தால் அது தொண்டு. அன்றாடக் காவலும் துப்புரவும் சம்பளத்துக்குரிய வேலைகள். அவற்றைத் தொண்டர் தலையில் கட்டக் கூடாது.

மக்கள் தலையிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. தஞ்சையில் கரந்தையிலிருந்த பிரம்மா சிலையை வெளியூர் ஆய்வாளர் ஒருவர் எடுத்துச் செல்ல முயன்றபோது ஊரார் தடுத்தார்கள். அதன் விளைவாக 1951இல் ஆட்சியர் டி.கே. பழனியப்பன் அரண்மனையிலேயே கலைக்கூடம் அமைத்தார். சேலம் பெரியேரியில் ‘தலைவெட்டி முனியப்பன்’ என்று வணங்கப்பட்ட சிலைக்காக 2011இல் வழக்குத் தொடரப்பட்டது. தொல்லியல் துறை ஆராய்ந்து, தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள் முடி, நீண்ட காது ஆகியவற்றைக் கொண்டு அது புத்தர் என்று அறிக்கை தந்தது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இடத்தைத் துறையின் பொறுப்பில் எடுக்கவும், புத்தர் சிலை என்று பலகை வைக்கவும் ஆணையிட்டது. கவனியுங்கள், பார்வையாளர் வரலாம், பூசை கூடாது என்பதும் அந்த ஆணையில் உண்டு. முனியப்பனாகக் கும்பிட்டவர்களும் எளிய மக்களே. அவர்களோடு பேசாமல் தீர்ப்பை மட்டும் காட்டினால் சிலை மீளும், உறவு முறியும். அந்தப் பேச்சும் தொண்டரின் வேலைதான்.

உலகத்திலும் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி 1966இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். 1994இல் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தபோது, தரையில் விரித்த வரைபடத்தில் முன்னாள் குடியிருப்பாளர்களே தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதினார்கள். பார்வையாளருக்கு விளக்கம் சொல்பவர்களிலும் அவர்களே இருந்தார்கள்.

நம் இளைஞர்கள் செய்யக்கூடியவை எளிமையானவை. புத்தருக்குத் தலையில் சுடர்முடி, தோளில் சீவரம்; தீர்த்தங்கரருக்கு முக்குடை, ஆடையற்ற மேனி. இந்த வேறுபாட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது. எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு பூசினால் கல்லில் அழுக்குப் படிந்து செதுக்கல் மறையும் என்று ஊரில் விளக்குவது. உடைந்த மூக்கைச் சிமெண்டால் ஒட்டாமல் துறைக்கு எழுதுவது. வயலில் கிடக்கும் சிலைகளை அளந்து, படமெடுத்து, பெரியவர்கள் அதற்குச் சொல்லும் பெயரையும் கதையையும் சேர்த்துக் குறிப்பது. தலைவாசலை அடுத்த தியாகனூரில் புத்தருக்குத் தியான மண்டபமே எழுந்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. கிடைக்கும் சிலையெல்லாம் நமதே என்று சான்றில்லாமல் சொன்னால், பெயர் மாற்றியவர்கள் செய்ததையே நாமும் செய்தவர்களாவோம். நம் வலிமை பதிவில் இருக்கிறது, முழக்கத்தில் இல்லை.

1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியபோது, கோயில் கதவு திறக்கும்வரை பிள்ளைகளின் படிப்பு காத்திருக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்தக் கல்வியின் பயன் இன்று நம் கையில் இருக்கிறது. படிக்கவும் எழுதவும் தெரிந்த தலைமுறை, அருங்காட்சியகத்தின் விளக்குமாற்றோடு நின்றுவிடாமல், பதிவேட்டையும் பேனாவையும் சாவியையும் கேட்க வேண்டும்.