மூடாத வால்வும் உவர்க்கத் தொடங்கிய கிணறும்

வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டுவிட்டு ஓடிய காணி அது. விடுவிக்கப்பட்டபோது கிணற்றை வைத்துத்தான் பெரியம்மா எல்லையை அடையாளம் கண்டார். இப்போது வீட்டுக்கு முன்னால் புல்தரை, பின்னால் மிளகாயும் கத்தரியும். கனடாவில் இருக்கும் மகன் காசு அனுப்பித் தூவல் நீர்ப்பாசனம் பூட்டிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வால்வு. ரைமர் ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறக்கும்.

கடந்த மாதம் முன்பக்க வால்வு மூடாமல் விட்டது. மிளகாயின் முறை வந்த பிறகும் புல்லுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அமுக்கம் பிரிந்ததால் பின்பக்கத்தில் தூவல் எழும்பவில்லை. அதை ஈடுகட்ட பெரியம்மா மோட்டரைக் கூடுதலாக ஒரு மணித்தியாலம் ஓடவிட்டார். "பிள்ளை, தேத்தண்ணி ருசி மாறிப் போச்சு" என்று அவர் சொன்னபோதுதான் நான் போனேன்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால் உவர்நீர் எல்லை, கோட்பாட்டுக் கணக்கின்படி, ஏறத்தாழ 40 அடி மேலே வரும். மூடாத வால்வு இங்கே வெறும் மின்கட்டணப் பிரச்சினை அல்ல.

தொலைபேசியில் கேட்ட திருத்துநர், பார்க்காமலே ரைமர் பெட்டியை மாற்றச் சொல்லியிருந்தார். நான் முதலில் ரைமரின் பிளக்கைக் கழற்றிவிட்டு மோட்டரைக் கையால் போட்டேன். மின்சாரமே இல்லாமல் வால்வு மூடித்தான் இருக்க வேண்டும். முன்பக்கம் அப்போதும் தூவியது. ஆகவே பிழை ரைமரிலோ வயரிலோ இல்லை, வால்வுக்குள்தான். ஒரு நிமிடச் சோதனை, ஒரு பெட்டியின் விலை மிச்சம்.

வால்வுக்குள் டயபிரம் என்ற றப்பர்த் தட்டு இருக்கிறது. அதிலுள்ள சிறு துளையால் தண்ணீர் மேல் அறைக்குள் போய் நிரம்பி, தட்டைக் கீழே அழுத்தி மூடுகிறது. 24 வோல்ற் மின்சாரம் வந்ததும் மேலேயுள்ள சொலனோயிட் ஊசியைத் தூக்கும், மேல் அறைத் தண்ணீர் வெளியேறும், தட்டு எழும்பும். துளை அடைபட்டால் மேல் அறை நிரம்பாது, வால்வு மூடாது.

கையால் திறக்கும் சிறு ஸ்குறூ இறுக்கமாகத்தான் இருந்தது. அடுத்து மோட்டரை நிறுத்தி, குழாயில் இருந்த அமுக்கத்தை வெளியேற்றி, இரண்டு சொலனோயிட்களையும் இடம் மாற்றிப் பூட்டினேன். பிழை மாறிப் போகவில்லை. சொலனோயிட் நல்லது. (வால்வு திறக்கவே இல்லையென்றால் மல்ரிமீற்றரால் அதன் தடையைப் பார்க்கலாம். பொதுவாக 20 முதல் 60 ஓம் வரை காட்டும். எல்லையில்லாமல் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது.)

வால்வுப் பெட்டியைச் சுற்றி மண்ணை அகலமாக வெட்டப் பார்த்தேன். "குழாய் தாட்ட இடத்துக்கு அங்காலை கிண்டாதை பிள்ளை" என்றார் பெரியம்மா. கண்ணிவெடி அகற்றிய காணிதான். ஆனாலும் நான் வாதாடவில்லை.

மூடியைக் கழற்றும்போது ஸ்பிறிங் துள்ளி விழும். எப்படி இருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டயபிரம் கிழியவில்லை. துளையில் வெள்ளையாக ஒரு கட்டி. நம் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புதான் கேத்தல் அடியில் படிவது போல இங்கேயும் படிந்திருந்தது. ஊசியால் குத்தினால் துளை பெருத்துவிடும். டயபிரத்தைச் சிறிது நேரம் வினாகிரியில் ஊறவிட்டு, பழைய பற்தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவினேன். திரும்பப் பூட்டும்போது ஸ்குறூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் ஓரத்தால் கசியும்.

மோட்டரைப் போட்டோம். முன்பக்கம் சில நொடிகள் தூவி நின்றது. பின்னால் மிளகாய்க்கு மேல் தண்ணீர் எழும்பியது.

இன்னொன்று: சிலர் இந்த வால்வை மேல்நிலைத் தாங்கியின் குழாயில் பூட்டுகிறார்கள். 20 அடி உயரத் தாங்கி தருவது ஏறத்தாழ 0.6 பார் அமுக்கம்தான். பல வால்வுகள் சரியாக மூட அதைவிடக் கூடுதலாக வேண்டும். அங்கே துளையைக் கழுவிப் பயனில்லை.

மோட்டருக்கும் வால்வுக்கும் இடையில் ஒரு வடிகட்டி போட்டிருக்கிறோம். மணலை அது மறிக்கும், சுண்ணாம்பை மறிக்காது. வலிகாமத்தில் புல்தரைக்குத் தூவல் தேவையா என்பதில் எனக்குப் பெரியம்மாவின் மகனோடு உடன்பாடில்லை. அவருக்குத் தெரியாமல் முன்பக்க நேரத்தை 20 நிமிடத்திலிருந்து ஐந்தாகக் குறைத்துவிட்டு வந்தேன். தேநீரில் உவர் இன்னும் இருக்கிறது. மாரி மழை வரட்டும் என்கிறார் பெரியம்மா.