வீட்டிற்கொரு துப்பாக்கி வேண்டுமா?

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர்க்குப் பாதுகாப்பைப் பற்றிய கவலை சற்று மிகுதியே. கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றால் பூட்டிய வீடு என்னாகுமோ என்ற அச்சம். பகலெல்லாம் தனித்திருக்கும் முதியோரைப் பற்றிய அச்சம். இரவில் பணி முடிந்து திரும்பும் பெண்மக்களைப் பற்றிய அச்சம். வடபுலத்து ஊர்கள் சிலவற்றில் திருமண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுடுவதையும், வசதி படைத்தோர் இல்லங்களில் லைசென்சு பெற்ற துப்பாக்கி இருப்பதையும் காணுங்கால், ‘நமக்கும் ஒன்று இருந்தால் என்ன?’ என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே. அவ்வெண்ணத்தை எள்ளி ஒதுக்காமல், அதன் வரலாற்றையும் சட்டத்தையும் சீர்தூக்கிப் பார்ப்போம்.

ஆயுதம் வைத்திருத்தல் குடிமக்களின் உரிமை என்னும் வாதம் அமெரிக்காவுக்கே உரியது என்று பலர் கருதுகின்றனர். அந்நாட்டு அரசியல் சட்டத்தில் 1791 ஆம் ஆண்டிலேயே அவ்வுரிமை இடம் பெற்றது. அது தனிமனிதனின் தற்காப்புக்கும் உரியதே என்று 2008 இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், நம் நாட்டிலும் அக்குரல் ஒரு காலத்தில் ஓங்கி ஒலித்தது என்பதை மறத்தலாகாது.

1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கண்டு அஞ்சிய ஆங்கில ஆட்சி, மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கத் தொடங்கிற்று. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, 1878 இல், ஆயுதச் சட்டம் பிறந்தது. இந்தியர் லைசென்சின்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. மண்ணின் மக்களை நம்பத்தகாதவர் எனக் கூறாமற் கூறிய இச்சட்டம் நம் முன்னோர் நெஞ்சைச் சுட்டது. 1887 இல், பதுருத்தீன் தயாப்ஜியின் தலைமையில் சென்னை மாநகரிற் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபை, இச்சட்டத்தைத் திருத்த வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது.

அகிம்சையைப் போதித்த காந்தியடிகளும் இக்கோரிக்கையை விடவில்லை. 1930 இல் அவர் அரசாங்கத்தின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள், மக்களின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டுத் தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்சு வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. இதில் முரண் ஏதுமில்லை. ஆயுதத்தைத் தானே துறப்பது வேறு; பிறர் அதைப் பறித்துக்கொள்வது வேறு. 1931 இல் கராச்சியிற் கூடிய காங்கிரஸ், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருத்தலை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலேயே சேர்த்தது.

ஆனால், விடுதலை பெற்ற பின்னர் நிகழ்ந்ததென்ன? 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் இவ்வுரிமையைச் சேர்க்குமாறு திருத்தம் கொணர்ந்தார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. ஆயுதம் ஏந்தும் உரிமையை வற்புறுத்துவதினும், நாட்டிற்கு ஆபத்து நேருங்கால் ஆயுதம் ஏந்தும் கடமையை வற்புறுத்துவதே தக்கது என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையையே நம் அரசியல் சட்டத்தின் 19 ஆம் பிரிவு தந்தது. பிரிவினைக் காலத்துக் குருதி காயாத நாட்களில் எடுக்கப்பட்ட முடிவு அது.

1878 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 1959 இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. போதிய சொத்தில்லை என்பதற்காக மட்டும் ஒருவருக்கு லைசென்சு மறுக்கலாகாது என்று அது விதித்தது. மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பிறர் உயிருக்கு ஆபத்து விளையும்படி கொண்டாட்டங்களில் சுடுவோர்க்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என விதித்தது.

இன்றும் வாதம் ஓயவில்லை. ‘கொள்ளையன் கள்ளத் துப்பாக்கியைச் சந்தையில் வாங்குகிறான், சட்டத்திற்கு அஞ்சுபவனோ அலுவலகப் படிகளில் ஏறி இறங்குகிறான், காவலர் வருமுன் எல்லாம் முடிந்துவிடுகிறது’ என்பர் ஒரு சாரார். இதில் உண்மை இல்லாமலில்லை. நம் நாட்டில் துப்பாக்கியால் நிகழும் கொலைகளிற் பெரும்பாலானவை லைசென்சில்லாத ஆயுதங்களால் நிகழ்பவையே. மறுசாராரோ, ஆயுதம் பெருகிய இடத்தில் அமைதி பெருகியதில்லை என்பர். துப்பாக்கிக்குக் கணவரையும் மக்களையும் பறிகொடுத்த மணிப்பூர்ப் பெண்களுக்குத் துணை நிற்க 2007 இல் ஓர் அமைப்பே தோன்றியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2012 இல் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், 2014 இல், பெண்களுக்கென்றே ‘நிர்பீக்’ என்னும் சிறு ரிவால்வர் அரசாங்கத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கும் மேல்! பேருந்திற்குக் காத்து நிற்கும் எளிய பெண்ணுக்கு அதனால் யாது பயன்? அவளுக்கு வேண்டுவன வெளிச்சமுள்ள வீதியும், அழைத்தவுடன் வரும் காவலருமேயன்றோ?

ஈண்டு நாம் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. துப்பாக்கி உரிமை வேறு. தற்காப்பு உரிமை வேறு. முன்னது அரசாங்கம் ஆராய்ந்து அளிக்கும் அனுமதி. பின்னதோ எவரிடமும் கேட்டுப் பெற வேண்டாதது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அவ்வுரிமையை ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி அனைவர்க்கும் தருகின்றன. தன் உடலையும் உடைமையையும் மட்டுமன்றி, அடுத்தவர் உடலையும் உடைமையையும் காக்கவும் அது இடந்தருகிறது. அதற்கு எல்லையும் உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்தல் கூடாது. காவலரை நாட நேரமிருந்தால் அவரையே நாட வேண்டும். சாதாரணத் திருட்டுக்காக ஓர் உயிரைப் போக்குதல் தற்காப்பாகாது. துப்பாக்கி ஏந்தியவர்க்கும் இவ்வெல்லை பொருந்தும். அச்சத்தில் நடுங்கும் கை அதை ஒரு நொடியிற் கடந்துவிடக்கூடும் என்பதே நம் கவலை.

ஆதலின், உண்மையான அச்சுறுத்தல் உள்ளோர் முறைப்படி விண்ணப்பிக்கட்டும், பயிற்சி பெறட்டும், குழந்தைகள் கைக்கெட்டாதபடி பூட்டி வைக்கட்டும். ஏனையோர் அண்டை வீட்டாரின் மொழியைக் கற்று அவர்தம் நட்பைத் தேடுவோமாக. ஊருக்குச் செல்லுமுன் அவரிடம் சொல்லிச் செல்வோம். 112 என்னும் அவசர எண்ணை இல்லத்து முதியோர்க்கும் சிறார்க்கும் கற்பிப்போம். தனித்து வாழும் நம்மவர் வீட்டை வாரம் ஒருமுறையேனும் சென்று காண்போம். அயலூரில் நமக்கு நள்ளிரவிலும் திறக்கும் கதவு அடுத்த வீட்டுக் கதவே. அக்கதவைத் தட்டும் உரிமையைப் பகலிலேயே ஈட்டிக்கொள்வது நம் கையில் இருக்கிறது.