பெட்டி வேலையைச் செய்யும் சாஃப்ட்வேர்

2011 மார்ச் 11 அன்று ஜப்பானைப் பூகம்பமும் சுனாமியும் தாக்கின. எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டாருக்குப் போன் செய்தனர். நெரிசலில் நெட்வொர்க் முழுவதும் முடங்கிவிடக் கூடாது என்று, என்.டி.டி. டோகோமோ நிறுவனம் குரல் அழைப்புகளில் 90 சதவீதம் வரை தடுக்க நேர்ந்தது. டவர் நன்றாக இருந்த இடங்களிலும் லைன் கிடைக்கவில்லை. ஏன்?

டவருக்குப் பின்னால்...

டவரின் வேலை நம் போனுடன் சிக்னலைப் பரிமாறிக்கொள்வது. நீங்கள் யார், டேட்டாவை எங்கே அனுப்புவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது 'கோர் நெட்வொர்க்'. பழைய முறையில் இங்கே ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பெட்டி. ஒன்று திணறும்போது பக்கத்துப் பெட்டி சும்மா இருந்தாலும் உதவ முடியாது. புதுப் பெட்டி வாங்கிப் பொருத்துவது அன்றைக்கே முடிகிற காரியமல்ல.

விர்ச்சுவலைசேஷன்

உங்கள் கம்ப்யூட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். கடிதம் டைப் செய்யவும் பாட்டுக் கேட்கவும் தனித்தனி மெஷின் வாங்குவதில்லை. புரோகிராமை மாற்றினால் போதும். இதே வழிதான் இங்கும். பெட்டிகளின் வேலையை சாஃப்ட்வேராக எழுதி, பொதுவான சர்வர்களில் இயக்குகிறார்கள். ஒரு சர்வருக்குள் பல 'விர்ச்சுவல் மெஷின்'கள் ஓடும். நெரிசல் கூடினால் மேலும் சிலவற்றைத் தொடங்கலாம். சர்வர் பழுதானால் அதன் வேலையை வேறொன்றுக்கு மாற்றலாம்.

சாஃப்ட்வேர் டிஃபைன்டு நெட்வொர்க்கிங்

புதிய விர்ச்சுவல் மெஷின் தொடங்கினால் மட்டும் போதாது. டேட்டா அங்கே போக வழியும் வேண்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் நிற்கும் போலீஸ்காரர் தாமாக முடிவெடுத்து வண்டிகளைத் திருப்புவது போன்றது பழைய முறை. ஊர் முழுவதையும் பார்க்கும் கண்ட்ரோல் ரூம் எல்லாச் சந்திப்புகளுக்கும் உத்தரவிடுவது போன்றது இது. அந்தக் கண்ட்ரோல் ரூம் ஒரு சாஃப்ட்வேர்.

எது முடியாது?

டோகோமோ 2016 மார்ச்சில் தன் கோர் நெட்வொர்க்கில் விர்ச்சுவலைசேஷனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் சாஃப்ட்வேர் எழுதும் நானே சொல்கிறேன், இது மந்திரமல்ல. கரண்ட் இல்லாத டவரையும் அறுந்த கேபிளையும் எந்தப் புரோகிராமும் சரிசெய்யாது. ஒரு டவரின் அலைவரிசைக்கும் எல்லை உண்டு. கண்ட்ரோல் ரூமே படுத்துவிட்டால் பாதிப்பு பெரிது என்பதால், அதற்கும் மாற்று ஏற்பாடு அவசியம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். 2011-இல் டோகோமோவில் டேட்டாவுக்கு விதித்த தடை அதிகபட்சம் 30 சதவீதம்தான். ஆபத்து நேரத்தில் லைன் கிடைக்காவிட்டால் திரும்பத் திரும்ப டயல் செய்யாமல், 'நலமாக இருக்கிறேன்' என்று ஒரு மெசேஜ் அனுப்புங்கள். அது போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.