மண்ணே இல்லாத ஆர்க்கிட்... உரம் கொடுப்பது எப்படி?

நர்சரியில் கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கும் டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டை ஆசையாக வாங்கி வருபவர்கள், ரோஜாச் செடிக்குப் போடும் அதே உரத்தை அதற்கும் அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். சில வாரங்களில் வேர் நுனி கறுத்து, இலை நுனி கருகத் தொடங்கும். காரணம் பட்டினி இல்லை, சாப்பாடு அதிகமாகிப்போனதுதான்!

ஏன் அப்படி?

ஆர்க்கிட்டில் பல வகைகள் காட்டில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்பவை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இவற்றைப் பார்க்கலாம். மழைநீரோடு மரப்பட்டையில் வழிந்து வரும் கொஞ்சம் சத்துதான் இவற்றுக்கு உணவு. அதனால்தான் தொட்டியில் மண்ணுக்குப் பதிலாகக் கரித்துண்டு, ஓட்டுத்துண்டு, தேங்காய் மட்டை போடுகிறார்கள். கூடுதலாகப் போடும் உரத்தை மண் ஓரளவு பிடித்துவைக்கும். இங்கே அந்த வசதி குறைவு. ஊற்றுவது நேராக வேரில் படும்.

எவ்வளவு கொடுக்கலாம்?

தண்ணீரில் முழுதாகக் கரையும் 19:19:19 உரம் போதும். 10 லிட்டர் பக்கெட் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம். வாரம் ஒருமுறை, காலை வேளையில் கொடுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் வேரை நனைத்துவிட்டு, பிறகு உரத் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். காய்ந்த வேரில் உரம் பட்டால் கருகிவிடும்.

யூரியா வேண்டாம். அதை மாற்றிக்கொடுக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில்தான் ஏராளம். சாணக் கரைசலும் கரித்துண்டுகளின் இடுக்கை அடைத்து, வேருக்குக் காற்று போகாமல் செய்துவிடும்.

மாதம் ஒரு குளியல்

தொட்டியின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது உப்பு. மாதம் ஒருமுறை உரம் கலக்காத தண்ணீரை, அடியில் வழிந்தோடும்வரை நிறைய ஊற்றிக் கழுவிவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், பிடித்துவைத்த மழைநீர் நல்லது.

பூக்கவில்லையா?

இலை கரும்பச்சையாகச் செழித்தும் பூ வரவில்லை என்றால், உரத்தைக் கூட்டாதீர்கள். வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். காலை வெயில் படும் பால்கனிக்கு மாற்றுங்கள்.

எப்போது தண்ணீர் ஊற்றுவது என்பதை வேரே சொல்லும். பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது, பொறுத்திருங்கள். வெள்ளி நிறத்துக்கு மாறிவிட்டால் ஊற்றலாம்.