கச்சி காண்பார்க்கு

கச்சிமாநகர்க்கு வரும் அன்பர் பலர், 1509-இல் கிருட்டிணதேவராயர் எடுப்பித்த ஏகம்பத்து இராசகோபுரத்தைக் கண்டு தொழுது, காமக்கோட்டம் வணங்கிப் பட்டுக்கடைகளிற் புகுந்து மீள்வர். நகரின் மேல்பால், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்களுக்கு அணித்தாயுள்ள கயிலாயநாதர் கோயிலை அடைவார் சிலரே. சித்தாந்தம் பயில்வார் தவறாது காணவேண்டிய தளி அதுவேயாம்.

கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தே பல்லவன் இராசசிம்மன் இதனை எடுப்பித்தான். விமானத்தின் புறத்தேயுள்ள வடமொழிக் கல்வெட்டு, அவனைச் சைவசித்தாந்த நெறியில் நின்று மலம் நீங்கியவன் எனப் புகழும். மெய்கண்டதேவர்க்கு ஏறத்தாழ 500 ஆண்டு முற்பட்டது இச்சான்று. சைவசித்தாந்தம் என்னும் பெயர் பிற்காலத்ததென்பார்க்கு இக்கல்லே விடையாகும்.

பின்னர்க் காஞ்சியை வென்று புகுந்த சளுக்கவேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிற் செல்வத்தைக் கவராது இறைவற்கே உரிமையாக விடுத்தான். அச்செய்தி முன்மண்டபத் தூணொன்றிற் கன்னடமொழியிற் பொறிக்கப்பெற்றுளது. ஊரை வென்றவனும் இத்திருமுன்பிற் பணிந்தே நின்றான்.

இன்று தொல்லியல் துறையினர் இத்தளியைக் காத்துவருகின்றனர். திருச்சுற்றில் 58 சிறு கோயில்கள் உள்ளன; பழைய வண்ண ஓவியங்களுட் சிலவும் எஞ்சியுள்ளன. மணற்கல் எளிதிற் பொரிந்து உதிர்வது. ஆதலின் சிற்பங்களைத் தீண்டாது காண்க.

காடவர்கோன் கச்சியிற் கற்றளி எடுத்ததனைச் சேக்கிழார் பூசலார் புராணத்துக் கூறினார். அத்தளி இதுவே என்பர் அறிஞர் பலர். அப்புராணத்தை ஒருமுறை ஓதிப் பின்னர் இங்கு வருக. கல்லால் ஆயதும் நெஞ்சால் ஆயதுமாகிய இருதளிகளும் ஒருங்கே விளங்கும்.