நீலக் கொடி காட்டினால் ஒதுங்காதீர்கள்

ஒரகடத்தில் கார் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: “ராத்திரி ஷிப்ட் இல்லாத நாட்களில் ஆன்லைனில் கார் ரேஸ் ஆடுகிறேன். நான் கொஞ்சம் ஸ்லோ. பின்னால் வேகமாக வருகிறவர்களுக்கு மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகிறேன். ஒதுங்கும்போதுதான் வந்து இடிக்கிறார்கள். இடித்துவிட்டு சேட்டில் என்னையே திட்டுகிறார்கள். தப்பு யாருடையது சார்?”

உங்களுடையதுதான். ஒதுங்கினீர்களே, அதுதான் தப்பு.

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் தினமும் போய்வருகிறவருக்கு இது விளங்காமல் போவதில் ஆச்சரியமில்லை. பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் இடது பக்கம் ஒடிக்கிறோம், உயிர்மேல் ஆசை. ரேஸ் டிராக்கில் வழக்கம் வேறு. ஒரு சுற்றுப் பின்தங்கிய காருக்கு, ‘உன்னைவிட வேகமான கார் நெருங்குகிறது’ என்று நீலக் கொடி காட்டுவார்கள். ஃபார்முலா 1-இல் அது உத்தரவு. அடுத்தடுத்து மூன்று கொடியை மதிக்காவிட்டால் தண்டனை உண்டு. ஆனால் கணினியில் ஓடும் ஐரேசிங் போன்ற போட்டிகளில் அது வெறும் தகவல். மெதுவாகப் போகிறவர் தன் பாதையிலேயே போக வேண்டும். சேதமில்லாமல் முந்துவது முந்துகிறவர் பொறுப்பு. இதைப் பெருந்தன்மை, பண்பாடு என்றெல்லாம் விளக்குவார்கள். எனக்கு இதில் தெரிவது பதினோராம் வகுப்பு இயற்பியல்தான்.

பின்னால் வருகிறவரின் திரையில் தெரியும் உங்கள் கார், உங்கள் கார் அல்ல. அது ஒரு யூகம்.

கணக்கைப் பாருங்கள். 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடிக்கு 55 மீட்டர் கடக்கிறது. ‘நான் இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் இந்தப் பக்கம் போகிறேன்’ என்று உங்கள் கணினி அனுப்பும் செய்தி சர்வருக்குப் போய், அங்கிருந்து எதிராளியின் கணினிக்குச் சேர பத்தில் ஒரு வினாடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் நீங்கள் ஐந்தரை மீட்டர் தள்ளிப் போய்விட்டீர்கள். ஒரு முழு காரின் நீளத்துக்கும் அதிகம். வந்த செய்தியை அப்படியே வரைந்தால் அருகருகே ரேஸ் ஓட்டவே முடியாது.

அதனால் எதிராளியின் கணினி, கடைசியாக வந்த தகவலை வைத்துக்கொண்டு, ‘இந்நேரம் இங்கே வந்திருப்பார்’ என்று குத்துமதிப்பாக உங்கள் காரை முன்னே நகர்த்தி வரைகிறது.

இது நம் வீடுகளில் நடப்பதுதான். மகன் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறான். “ஒரகடம் தாண்டிட்டேன்மா” என்று போன் செய்கிறான். முடிச்சூர் வீட்டில் அம்மாவுக்கு அது போதும். பஸ் அவர் கண்ணில் படவில்லை. ஆனால் மனசுக்குள் ஓடுகிறது. மண்ணிவாக்கம் வந்திருக்கும் என்று தோன்றும்போது கல் அடுப்பில் ஏறுகிறது. மகன் செருப்பைக் கழற்றும்போது தோசை தட்டில். பஸ் வழக்கமான வேகத்தில் வந்தால் யூகம் துல்லியம். பையன் சொல்லாமல் கொள்ளாமல் படப்பையில் இறங்கி நண்பனோடு டீ குடித்தால்? தோசை விறைத்துவிடும். பிறகு “படப்பையில இருக்கேன்” என்று போன் வந்ததும் அம்மா அடுப்பைக் குறைத்து, மாவை மூடி, மெல்ல நிலைமைக்கு வருகிறார். விளையாட்டும் அப்படியே. புதுத் தகவல் வந்ததும் காரைத் தூக்கிச் சரியான இடத்தில் வைக்காமல் நைசாக நகர்த்திச் சேர்க்கிறது. தகவல் ரொம்பத் தாமதித்தால்தான் கார் திரையில் ‘டக்’கென்று தாவும். சட்னியையும் இந்த உவமையில் சேர்க்கப் பார்த்தேன். டயரின் சூட்டோடு ஒப்பிடலாம் என்று தோன்றியது. வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு வருவது. நீங்கள் ஒரே வேகத்தில் நேராகப் போனால், 200 கிலோமீட்டரில் போனாலும் யூகத்தில் பிழை பூஜ்யம். வேகம் பிழையை உண்டாக்குவதில்லை. வேக மாற்றம்தான் உண்டாக்குகிறது. அந்தப் பிழையின் அளவு, முடுக்கத்தில் பாதியைத் தாமத நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். திடீரென்று பிரேக் போட்டோ ஸ்டீயரிங்கை ஒடித்தோ, ஒவ்வொரு வினாடியும் உங்கள் வேகத்தை வினாடிக்கு 10 மீட்டர் மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். தாமதம் பத்தில் ஒரு வினாடி என்றால் பிழை வெறும் 5 சென்டிமீட்டர். ஐந்தரை மீட்டர் கோளாறு ஐந்து சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது! ஆனால் வர்க்கம் சும்மா இருக்காது. தாமதம் இரு மடங்கானால் பிழை நான்கு மடங்கு, 20 சென்டிமீட்டர். மூன்று மடங்கானால் 45. கண்ணாடியோடு கண்ணாடி உரசப் போகும் இரண்டு கார்களுக்கு நடுவே அவ்வளவு இடம் ஏது? நீங்கள் வழிவிட ஒடித்த அதே நொடியில், அவர் திரையில் நீங்கள் இன்னும் நேராகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். காலியாகத் தெரியும் பக்கத்தில் அவர் மூக்கை நுழைக்கிறார். அந்தப் பக்கம்தான் நீங்களும் வருகிறீர்கள்.

மனித மூளைக்கும் இதே நோய் உண்டு. கண் பார்த்துக் கை திரும்ப வினாடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். ஆகவே நிஜ டிராக்கிலும் ஓட்டுநர் முன்னால் போகும் காரை யூகித்துத்தான் ஓட்டுகிறார்.

ஃபார்முலா 1-இல் ஓட்டிய நரேன் கார்த்திகேயனைக் கேட்டால் தெரியும். கோவைக்காரரான அவர் ஓட்டிய முதல் ரேஸ், ஃபார்முலா மாருதியில், நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து டிராக்கில்தான். அதிலேயே மேடை ஏறினார். 2012 மார்ச்சில் மலேசியாவின் செபாங்கில் ஃபார்முலா 1 ரேஸ், மழை ஓய்ந்து தடம் காய்ந்துகொண்டிருந்த நேரம். நான்காம் இடத்தில் இருந்த செபாஸ்டியன் வெட்டல், பின்தங்கியிருந்த நரேனை ஒரு சுற்று முந்தும்போது இரண்டு கார்களும் உரசின. வெட்டலின் பின் டயர் கிழிந்தது. அவர் 11-ஆம் இடத்துக்குப் போய்ப் புள்ளியை இழந்தார். கோபத்தில் நரேனை ‘வெள்ளரிக்காய்’ என்றார். ஜெர்மன்காரர்களுக்கு அது வசவு. நரேனுக்கு 20 வினாடி தண்டனை. காய்ந்த பாதை ஒன்றே ஒன்று இருக்கும்போது மெதுவாகப் போகிறவன்தான் ஈரத்தில் இறங்க வேண்டும் என்பது என்ன நியாயமோ! அவசரம் முந்துகிறவருக்குத்தானே?

வரலாறு கேட்பவர்களுக்காக: கடலோடிகள் கரை தெரியாத இடத்தில் திசையையும் வேகத்தையும் வைத்துக் கப்பல் நிற்கும் இடத்தைக் குறித்த பழைய கலைதான் கணினி செய்யும் இந்த யூகம். 1980-களில் அமெரிக்க ராணுவம் பீரங்கி வண்டிப் பயிற்சிக் கணினிகளை வலையில் இணைத்தபோது அதைக் கையில் எடுத்தது. அங்கிருந்து விளையாட்டுக்கு வந்தது. வரலாறு போதும்.

இப்போது விளம்பரக்காரர்கள். ‘லேக் இல்லாத’ ரவுட்டர், ‘கேமிங்’ கேபிள், ‘தாமதமே இல்லாத’ இணையம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் ஐ2ஐ கேபிளின் நீளம் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிவினாடி. வழியில் எந்தக் கருவியும் ஒரு கணம்கூடத் தாமதிக்காவிட்டால்தான் அதுவும். சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் அதைவிட இன்னும் அதிகம். எட்டாயிரம் ரூபாய் ரவுட்டர் உங்கள் வீட்டு வைஃபை தடுமாற்றத்தைக் குறைக்கலாம், ஒளியை விரட்டாது. அந்தப் பணத்துக்கு நல்ல பெடல் வாங்குங்கள்.

ஆகவே வாசகருக்கு: பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுங்கள். வளைவில் வழிவிடாதீர்கள், வழக்கமான இடத்தில் பிரேக் போட்டு, வழக்கமான கோட்டில் திரும்புங்கள். விட்டே தீர வேண்டுமென்றால் நேர்ப்பாதை வரும்வரை பொறுத்து, ஒரு பக்கமாக அப்படியே இருந்து, அவர் பக்கத்தில் வந்தபிறகு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். எந்தப் பக்கம் இருக்கப்போகிறீர்கள் என்று மைக்கில் முன்கூட்டியே சொன்னால் இன்னும் நல்லது. அவர் லைட் அடித்து மிரட்டினால் அடிக்கட்டும். இதெல்லாம் உங்களை ஒரு சுற்று முந்துகிறவருக்கு மட்டும். இடத்துக்காகப் போட்டி போடுகிறவருக்கு எந்த மரியாதையும் பாக்கியில்லை.

மறுபடி திட்டு விழுந்தால் ரீப்ளேயைப் போட்டுப் பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அதில் ஓடுவது உங்கள் கணினிக்குத் தெரிந்த ரேஸ். அவர் கணினியில் ஓடியது வேறு.